கலைஞர்களுக்கு இடமில்லாத பண்பாட்டுத் தொகுப்பு: பெருநகரத் திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெருநகரத் திட்டக் குழுவின் தலைவர், உறுப்பினர்கள், வரைவைத் தயாரித்த திட்ட வல்லுநர்கள் அனைவருக்கும்,

பொதுமக்கள் கருத்துக்காக நீங்கள் வெளியிட்டிருக்கும் வளர்ச்சித் திட்ட வரைவில், பழைய கிடங்குப் பகுதி முழுவதும் 'பண்பாட்டுத் தொகுப்பு' என்று ஊதா நிறத்தில் காட்டப்பட்டிருக்கிறது. அந்த ஊதா நிறத்துக்குள்தான் நான் வேலை செய்கிறேன். மேடை ஒளியமைப்பு என் தொழில். ஒரு கிடங்கின் மாடியில் விளக்குகளை வைத்துக்கொண்டு, அதே இடத்தை நாடகக் குழுக்களுக்கு ஒத்திகைக் கூடமாகவும் கொடுத்துவருகிறேன். உங்கள் வரைவு இப்படியே இறுதியானால் எனக்கும் என்னைச் சுற்றி இருக்கும் பெரும்பாலானவர்களுக்கும் அங்கே இடமிருக்காது. 'உங்களுக்காகத்தானே இந்தத் திட்டம்' என்று நீங்கள் கேட்கக்கூடும். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பின்னிணைப்பில் இருக்கும் பட்டியலைப் பார்ப்போம். பண்பாட்டுத் தொகுப்புக்குள் அனுமதிக்கப்படும் பயன்பாடுகள் என்று அருங்காட்சியகம், ஓவியக்கூடம், அரங்கம், கைவினைப் பொருள் விற்பனை நிலையம், உணவகம், விடுதி, அலுவலகம் ஆகியவற்றைக் கொடுத்திருக்கிறீர்கள். தச்சுப் பட்டறை அதில் இல்லை. வெல்டிங் பட்டறை இல்லை. அச்சகம், இசைக்கருவி செய்யும் இடம், ஒலி ஒளிக் கருவிகளை வாடகைக்கு விடும் நிலையம் எதுவும் இல்லை. இவையெல்லாம் 'சிறு தொழில்' என்ற தலைப்பின் கீழ் வருவதால் தொழிற்பேட்டைக்கு மாற வேண்டும் என்கிறது வரைவு. ஆக, அங்கே கைவினைப் பொருளை விற்கலாம், செய்ய முடியாது. நாடகம் போடலாம், அந்த நாடகத்துக்கான மேடைப் பொருளை அறுத்து ஆணி அடிக்க முடியாது.

ஒரு நாடகம் மேடையேறும் வழியை அருகிலிருந்து பார்த்தவர் யாரும் இந்தப் பட்டியலை எழுதியிருக்க மாட்டார். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு தச்சர் இருக்கிறார். வீட்டுக் கதவு, ஜன்னல் வேலைதான் அவருக்கு வருமானம். ஆனால் மேடைத் தளம், மடிக்கும் படிக்கட்டு, பின்திரைச் சட்டம் என்று எங்களுக்கு வேண்டியதெல்லாம் அவர் கையில்தான் உருவாகும். சென்ற தயாரிப்பில் ஒரு நடிகர் நின்று பேச வேண்டிய சாய்தளம், முழு ஒத்திகையன்று அவர் காலை மாற்றி வைக்கும்போதெல்லாம் கிறீச்சிட்டது. மெல்லிய குரலில் பேச வேண்டிய காட்சி அது. வசனத்தைவிடப் பலகைச் சத்தம்தான் அதிகமாகக் கேட்டது. தச்சர் மாடிக்கு ஏறி வந்தார். தளத்தைத் திருப்பிப் போட்டு, குறுக்குச் சட்டங்கள் சேரும் இடங்களைக் கையால் அழுத்திப் பார்த்தார். பழைய டயர் ரப்பரைத் துண்டு துண்டாக வெட்டி இடுக்குகளில் சொருகி, திருகாணியை இறுக்கினார். "இப்ப நடங்க தம்பி" என்றார். சத்தம் நின்றுவிட்டது. ஒத்திகை கொஞ்ச நேரம்தான் தள்ளிப்போனது. அவருடைய பட்டறை நகரத்தின் மறுமுனையில் இருந்திருந்தால், அன்றைக்கு அந்தச் சத்தத்தோடுதான் நாடகம் போயிருக்கும்.

அவருக்கு எதிரில் பள்ளிச் சீருடை தைக்கும் ஓர் அம்மா இருக்கிறார். எங்கள் உடைகளையும் அவர்தான் தைக்கிறார். காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் சில நொடிகளில் மாற்றிக்கொள்ளும்படி உடையை எங்கே பிரித்து எங்கே ஒட்டுப்பட்டை வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அடுத்த கட்டடத்தில் தோல் கருவிகளுக்குத் தோல் மாற்றி வார் இழுத்துக் கட்டுபவர் இருக்கிறார். தெருக்கோடியில் அச்சகம். கலை வேலை மட்டும் இவர்கள் யாருக்கும் சோறு போடாது. கதவும் சீருடையும் அழைப்பிதழும்தான் அவர்களைத் தாங்குகின்றன. அந்த வருமானம் இருப்பதால்தான், எங்களைப் போன்ற காசில்லாத குழுக்களுக்குக் கடனுக்கும் குறைந்த கூலிக்கும் செய்துதர அவர்களால் முடிகிறது. இது எந்த மானியக் கணக்கிலும் வராத மானியம். அவர்களை அப்புறப்படுத்தினால் அந்த மானியமும் போய்விடும். பிறகு எத்தனை கோடி ஒதுக்கினாலும் அதை ஈடுகட்ட முடியாது.

ஒரே வகை வேலை செய்பவர்கள் அருகருகே இருந்தால் திறமையும் தகவலும் கருவிகளும் தாமாகவே கைமாறும் என்று பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இலேயே விளக்கியிருக்கிறார். இன்று 'கிளஸ்டர்' என்று கொள்கை ஆவணங்களில் சொல்லப்படுவதற்கு அடிப்படை அந்தச் சிந்தனைதான். நீங்கள் உருவாக்க நினைக்கும் தொகுப்பு எங்கள் தெருவில் ஏற்கெனவே இருக்கிறது. அதை யாரும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. வாடகை குறைவாக இருந்தது, சுவர்கள் கனமாக இருந்தன, இரவில் சத்தம் போட்டால் கேட்க ஆளில்லை. ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியாமல் போனது? உங்கள் கணக்கெடுப்பு அறிக்கையில் அதற்குப் பதில் இருக்கிறது. எங்கள் மாடியை அந்த அறிக்கை 'கிடங்கு, பயன்பாட்டில் இல்லை' என்று குறித்திருக்கிறது. கணக்கெடுக்க வந்தவர்கள் காலையில் வந்திருக்கிறார்கள். நாங்கள் கதவைத் திறப்பதே மாலையில்தான். நடிகர்களில் முக்கால்வாசிப் பேர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் பக்கத்துக் கடையில்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. தச்சுப் பட்டறை 'தளவாடத் தொழில்' ஆகிவிட்டது. தோல் கருவி செய்பவர் 'தோல் பொருள்' என்று பதிவாகியிருக்கிறார். பதிவுபெற்ற நிறுவனங்களை மட்டுமே பண்பாட்டு அமைப்புகளாக எண்ணியிருக்கிறீர்கள். அதனால் அறிக்கையின்படி இந்தப் பகுதியில் இருப்பது ஒரு தனியார் ஓவியக்கூடமும் ஒரு பழைய அரங்கமும்தான். அந்த இரண்டை வைத்துக்கொண்டு, 'பண்பாட்டுச் செயல்பாடு குறைவு, முதலீட்டின் மூலம் தூண்ட வேண்டும்' என்ற முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். அடித்தளமே தவறாக இருக்கும்போது அதன்மேல் எழுப்பிய திட்டம் எப்படிச் சரியாக இருக்கும்?

வரலாற்று நகரப் பகுதிகள் பற்றி யுனெஸ்கோ 2011இல் ஏற்றுக்கொண்ட பரிந்துரையை உங்கள் வரைவே மேற்கோள் காட்டுகிறது. அந்தப் பரிந்துரை முதல் படியாகச் சொல்வது, நகரத்தின் இயற்கை, பண்பாட்டு, மனித வளங்களை முழுமையாகக் கணக்கெடுத்து வரைபடமாக்குவதைத்தான். எதைப் பாதுகாக்க வேண்டும் என்பதை அங்கே இருக்கும் மக்களோடு பேசி முடிவுசெய்யவும் அது சொல்கிறது. மேற்கோள் காட்டினால் மட்டும் போதுமா? அதன்படி நடக்க வேண்டாமா?

அடுத்தது, பணம் சம்பந்தப்பட்டது. வரைவில் ஒரு சலுகை இருக்கிறது. தரைத்தளத்தின் ஒரு பகுதியைப் பண்பாட்டுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கும் கட்டடத்துக்குக் கூடுதல் தளப் பரப்புக் குறியீடு கிடைக்கும். அதாவது, மேலே இன்னும் பல மாடிகள் கட்டிக்கொள்ளலாம். பண்பாட்டுப் பயன்பாடு என்றால் என்ன என்பதற்கு வரைவில் விளக்கம் இல்லை. எத்தனை ஆண்டுகளுக்கு ஒதுக்க வேண்டும், என்ன வாடகைக்கு, யாருக்கு என்றும் இல்லை. சுவரில் நாலு ஓவியம் மாட்டிய காபிக் கடையும் இந்த விதிக்குள் அடங்கிவிடும். கட்டி முடித்த மறு வருடமே அதையும் எடுத்துவிட்டால் கேட்பதற்கு விதி இல்லை.

இந்தச் சலுகை இன்னும் சட்டமாகவில்லை. ஆனால் விளைவு வந்துவிட்டது. வரைவு வெளியான கொஞ்ச நாளிலேயே எங்கள் கட்டட உரிமையாளர் மாடிக்கு வந்தார். நல்ல மனிதர்தான். அவர் அப்பா காலத்திலிருந்து நாங்கள் அங்கே இருக்கிறோம். வாடகை தாமதமான மாதங்களில் முகம் சுளித்ததில்லை. "அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க. இடத்தைக் கேட்டு ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க. இந்த வருஷத்தோட ஒப்பந்தம் முடியுதுல்ல, அடுத்து எழுதித் தர முடியுமான்னு தெரியல" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நிலத்தின் விலையை ஏற்றிவிட்டு, உரிமையாளர் ஏறாத விலைக்குக் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நிலத்தின் விலையை ஏற்றியது உங்கள் ஊதா நிறம். வாடகைக்கு இருப்பவரைப் பாதுகாக்கும் ஒரு வரிகூட எழுதாமல் அந்த நிறத்தை நீங்கள் பூசியதுதான் என் குறை.

உலக நகரங்களை எல்லாம் உதாரணம் காட்டுகிறது உங்கள் வரைவு. நல்லது, அந்த நகரங்களில் என்ன நடந்தது என்பதை முழுமையாகப் பார்க்கலாம்.

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினின் டெம்பிள் பார் பகுதியில், 1980களில் ஒரு பெரிய பேருந்து நிலையம் கட்ட அரசுப் போக்குவரத்து நிறுவனம் கட்டடங்களை வாங்கிப் போட்டது. இடிக்கப்போகிற கட்டடங்கள்தானே என்று குறைந்த வாடகைக்கு, குறுகிய காலத்துக்கு விட்டது. ஓவியர்களும் இசைக்குழுக்களும் சிறு கடைக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். இடம் உயிர் பெற்றது. அதைப் பார்த்துத்தான் பேருந்து நிலையத் திட்டம் கைவிடப்பட்டு, 1991இல் தனிச் சட்டம் போட்டு அதைப் பண்பாட்டுப் பகுதியாக வளர்த்தார்கள். நல்ல கலை நிறுவனங்கள் சில அங்கே இன்றும் நடக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் டெம்பிள் பார் என்றதும் இன்று பயணிகளுக்கு நினைவு வருவது மதுக்கூடங்களும் இரவுக் கூட்டமும்தான். உங்கள் பட்டியலில் உணவகமும் விடுதியும் எந்த வரம்பும் இல்லாமல் அனுமதிக்கப்பட்டிருப்பதைப் பார்த்தபோது எனக்கு டெம்பிள் பார்தான் நினைவுக்கு வந்தது.

நியூயார்க்கின் சோஹோ இன்னும் பழைய கதை. அந்தப் பகுதியை ஊடறுத்துப் போகவிருந்த விரைவுச் சாலைத் திட்டம் மக்கள் எதிர்ப்பால் 1969இல் கைவிடப்பட்டது. ஆலைக் கட்டடங்களில் சட்டத்துக்குப் புறம்பாகக் குடியிருந்து வேலை செய்துவந்த கலைஞர்களுக்கு 1971இல் மண்டல விதியை, அதாவது எந்தப் பகுதியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் விதியை, திருத்தி அனுமதி கொடுத்தார்கள். கலைஞர் என்று நகரப் பண்பாட்டுத் துறையிடம் சான்று பெற வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. அனுமதி வந்தது, ஆனால் சான்று இருக்கிறதா என்று சரிபார்ப்பது தளர்ந்தது. வசதியானவர்கள் வந்தார்கள். 1990களில் ஓவியக்கூடங்கள் கூட்டமாகச் செல்சி பகுதிக்கு நகர்ந்தன. இந்தக் கதையில் யாரும் அதிகம் பேசாத ஒரு பகுதி உண்டு. 1982இல் நியூயார்க் மாநிலம் இத்தகைய மாடிகளில் வாடகைக்கு இருந்தவர்களுக்கென்றே ஒரு பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதன் கீழ் வந்தவர்களை உரிமையாளர் நினைத்தபோது வெளியேற்ற முடியவில்லை. மண்டலத்தின் பெயரை மாற்றியது கலைஞர்களைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றிய அளவுக்குக் காப்பாற்றியது வாடகைச் சட்டம்.

சியோலின் தேஹாங்னோ என் மனதுக்கு நெருக்கமான உதாரணம், ஏனென்றால் அது நாடகக்காரர்களின் தெரு. சின்னச் சின்ன நாடக அரங்குகள் அங்கே நெருக்கமாக இருந்த காரணத்தால்தான் 2004இல் அதைப் பண்பாட்டு மாவட்டமாக அறிவித்தார்கள். அறிவிப்புக்குப் பிறகு வாடகை ஏறியது, பெரிய முதலீட்டில் அரங்குகள் வந்தன, எந்தச் சிறு குழுக்களுக்காக அறிவித்தார்களோ அவை தெருவை விட்டு வெளியே போகத் தொடங்கின. உரிமையாளருக்குச் சலுகை, வாடகைக்காரருக்கு வாழ்த்து என்ற அமைப்பு எங்கே போட்டாலும் இதுதான் நடக்கும். உங்கள் வரைவின் அமைப்பும் அதுவே.

அப்புறம் ஸ்பெயினின் பில்பாவ் நகரம். முகப்பு அட்டையிலேயே அங்கிருக்கும் குகன்ஹைம் அருங்காட்சியகத்தின் படத்தைப் போட்டிருக்கிறீர்கள். அது 1997இல் திறக்கப்பட்டது உண்மை. ஆனால் அதற்கு முன்பே ஆற்றின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பெரிய வேலை பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. 1992இல் பல அரசு அமைப்புகள் சேர்ந்து பொது நிலங்களை மறுசீரமைக்க ஒரு நிறுவனத்தை அமைத்தன. 1995இல் மெட்ரோ ஓடத் தொடங்கியது. துறைமுக வேலைகள் கடல் பக்கம் நகர்த்தப்பட்டன. இத்தனைக்கும் நடுவில் வந்த ஒரு கட்டடம் அது. உங்கள் வரைவில் அருங்காட்சியகச் சதுக்கத்துக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது, எங்கள் தெருவின் சாக்கடைக்கு ஒரு பத்தி இல்லை. மழை பெய்தால் தச்சர் தன் மரத்தையெல்லாம் தூக்கிப் பரணில் அடுக்குகிறார். பில்பாவிலிருந்து எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டால், முதலில் சாக்கடையைக் கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

இவையெல்லாம் மெல்ல மெல்ல நடந்த வெளியேற்றம். டெல்லியின் கத்புத்லி காலனியில் நடந்தது நேரடியான இடிப்பு. பொம்மலாட்டக்காரர்கள், மாயவித்தைக்காரர்கள், இசைக்கலைஞர்கள், கழைக்கூத்தாடிகள் தலைமுறை தலைமுறையாக அடுத்தடுத்து வாழ்ந்த குடியிருப்பு அது. மறுசீரமைப்புக்கான ஒப்பந்தம் 2009இல் ஒரு தனியார் கட்டுமான நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. 2017 அக்டோபர் இறுதியில் இடிப்பு தொடங்கியது. அங்கிருந்தவர்களை நெடுநாள் தற்காலிக முகாம்களில் வைத்தார்கள். ஆள் உயரப் பொம்மைகளையும் பெரிய முரசுகளையும் அடுக்குமாடி வீட்டில் எங்கே வைப்பது, பிள்ளைகளுக்கு வித்தையை எந்த முற்றத்தில் சொல்லிக்கொடுப்பது என்று அந்த மக்கள் கேட்டார்கள். கட்டட வரைபடத்தில் அதற்கு விடை இல்லை. வீடு கொடுத்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு, வீடும் பட்டறையும் பள்ளியும் ஒன்றாக இருக்கும் வாழ்க்கை கண்ணில் படுவதில்லை.

உங்களில் சிலர் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். 'கட்டடம் தனியாருடையது, வாடகையில் நாங்கள் எப்படித் தலையிட முடியும்?' கூடுதல் தளப் பரப்பு தனியாருடையது இல்லையே. அதை உருவாக்கிக் கொடுப்பது பொது அதிகாரம். அதன் சுமையைத் தாங்குவதும் பொதுத் தண்ணீர்க் குழாயும் பொதுச் சாலையும்தான். பொதுச்சொத்தை ஒருவருக்குக் கொடுக்கும்போது நிபந்தனை விதிக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. நகரமே கட்டடத்தை வாங்கவும் முடியும். பாரிஸின் ரிவோலி தெருவில் 1999இல் கலைஞர்கள் புகுந்துகொண்ட ஒரு வெற்றுக் கட்டடத்தை நகராட்சி வாங்கி, சீரமைத்து, 2009இல் பணிக்கூடமாகவே திறந்து கொடுத்தது. சான் பிரான்சிஸ்கோவில் 2013இல் ஓர் அறக்கட்டளை அமைத்து, கட்டடங்களை வாங்கிக் கலை அமைப்புகளுக்கு நிலையான வாடகையில் வைத்திருக்கிறார்கள். முடியாத காரியம் என்று எதுவும் இல்லை.

சத்தத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். கிடங்குகளின் மேல் குடியிருப்பு மாடிகள் வரும் என்கிறது வரைவு. வந்தால் முதல் மாதமே எங்கள்மேல் புகார் வரும். லண்டனில் 2007க்கும் 2015க்கும் இடையில் சிறு இசைக்கூடங்களின் எண்ணிக்கை 136இலிருந்து 88ஆகக் குறைந்தது என்று அந்நகர மேயர் அமைத்த குழுவின் அறிக்கை சொன்னது. பக்கத்தில் புதிதாக வந்த குடியிருப்புகளிலிருந்து எழுந்த சத்தப் புகார்களும் அதற்கு ஒரு காரணம். அதன்பிறகுதான் புதிதாக வருபவரே ஒலித்தடுப்புச் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை 2018இல் இங்கிலாந்தின் தேசியத் திட்டக் கொள்கையிலும், 2021இல் லண்டன் திட்டத்திலும் சேர்த்தார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014இலேயே செய்துவிட்டது. உங்களுக்குப் பணம் செலவாகாத விதி இது. உங்கள் வரைவில் இதற்கு ஒரு வரி போதும், அந்த ஒரு வரி இல்லை.

பாதுகாப்பு விதிகளில் எனக்கு விலக்கு வேண்டாம். மின்கம்பியோடு வாழ்பவன் நான். பழுதான இணைப்பு எப்படிப் புகைந்து பற்றும் என்று எனக்குத் தெரியும். 2016 டிசம்பரில் அமெரிக்காவின் ஓக்லாந்தில், கலைஞர்கள் குடியிருந்த ஒரு கிடங்கில் இசை நிகழ்ச்சியின்போது தீப்பிடித்து 36 பேர் இறந்தார்கள். வாடகை எட்டாத நகரத்தில், கலைஞர்கள் கிடைத்த இடத்தில் ஒண்டிக்கொள்ளும்போது இப்படிப்பட்ட ஆபத்து காத்திருக்கிறது. உங்கள் வரைவோ ஐம்பது பேர் உட்காரும் கூடத்துக்கும் ஆயிரம் பேர் உட்காரும் அரங்கத்துக்கும் ஒரே வாகன நிறுத்த விதி, ஒரே அனுமதி முறை வைத்திருக்கிறது. சிறு கூடம் யாரும் அதை நிறைவேற்ற முடியாது. முடியாததால் அனுமதி கேட்கவே போகமாட்டார்கள். அனுமதி கேட்காத இடத்துக்குத் தீயணைப்பு ஆய்வாளர் வரமாட்டார். சிறு கூடங்களுக்கென்று நிறைவேற்றக்கூடிய விதிகளை எழுதுங்கள், முதல் ஆளாக வந்து சோதனைக்கு நிற்கிறேன்.

இன்னொன்று. பெருநகரத் திட்டம் என்றால் நகரத்தின் நடுவில் ஒரு திட்டைக் குறிப்பது மட்டும் ஆகாது. எங்கள் நடிகர்களில் பெரும்பாலோர் புறநகரில் குடியிருக்கிறார்கள், அங்கேதான் அவர்களுக்கு வீடு கட்டுப்படியாகிறது. ஒத்திகை முடியும் முன்பே கடைசி ரயிலுக்காக எழுந்து ஓடுகிறார்கள். ஒரு காட்சியின் கடைசிப் பகுதியை முழுக் குழுவோடு சரியாக ஒத்திகை பார்ப்பதே எங்களுக்குப் போராட்டம். பெண் நடிகர்களுக்கு இது இன்னும் கடினம். போக்குவரத்து அத்தியாயம் எழுதியவரும் பண்பாட்டு அத்தியாயம் எழுதியவரும் ஒரு முறை சேர்ந்து உட்கார்ந்திருந்தால் இது தெரிந்திருக்கும். அதேபோல, பெருநகர எல்லைக்குள் புதிதாகச் சேர்த்திருக்கும் புறநகர்களில் ஒரு பொது ஒத்திகைக் கூடமோ நூலக அரங்கமோ திட்டத்தில் இல்லை. நடுநகரில் கலைஞர்களை வாடகை துரத்துகிறது, துரத்தப்பட்டவர் போய்ச்சேரும் இடத்தில் வேலை செய்ய வசதி இல்லை. அப்படியானால் இந்தப் பெருநகரத்தில் எங்கே உட்கார்ந்து கலை செய்வது?

நான் கேட்பவை இவை.

வரைவை இறுதியாக்கும் முன் பண்பாட்டுக் கணக்கெடுப்பைத் திரும்ப நடத்துங்கள். மாலையிலும் விடுமுறை நாளிலும் ஆட்களை அனுப்புங்கள். பதிவுபெறாத குழுக்களையும் பட்டறைகளையும் சேர்த்து எண்ணுங்கள், யார் உரிமையாளர், யார் வாடகைக்காரர், ஒப்பந்தம் எவ்வளவு காலம் என்பதையும் எழுதுங்கள். எங்களில் பலர் கூடவே நடந்துவந்து கதவுகளைக் காட்டத் தயாராக இருக்கிறோம்.

அனுமதிப் பட்டியலில் தச்சு, வெல்டிங், தையல், அச்சு, இசைக்கருவி உருவாக்கம், மேடைக் கருவி வாடகை ஆகியவற்றைப் பெயர் சொல்லிச் சேருங்கள். புகையும் கழிவும் அதிகமுள்ள வேலைகளுக்கு வரம்பு வைப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. உணவகத்துக்கும் விடுதிக்கும் தெருவாரியாக உச்ச வரம்பு வேண்டும்.

கூடுதல் தளப் பரப்பு கேட்கும் ஒவ்வொருவரும், அந்த இடத்தில் ஏற்கெனவே இயங்கும் பணிக்கூடத்துக்கு அதே அளவு இடத்தை, பழைய வாடகையை ஒட்டிய வாடகையில், நீண்டகால ஒப்பந்தத்தோடு திருப்பித் தர வேண்டும். கட்டுமானம் நடக்கும் காலத்துக்கு மாற்று இடம் அதே பகுதியில் கொடுத்த பிறகே இடிக்க அனுமதி கொடுங்கள். பண்பாட்டுப் பயன்பாடு என்பதற்கு விளக்கம் எழுதி, மீறினால் சலுகையைத் திரும்பப் பெறும் விதியையும் சேருங்கள். இந்த விதிகள் நடைமுறைக்கு வரும்வரை இப்பகுதியில் புதிய கட்டட அனுமதிகளை நிறுத்தி வையுங்கள். எனக்கு மிக அவசரமான கோரிக்கை இதுதான். விதி தாமதமாக வந்தால், அது பாதுகாக்க வேண்டிய ஆட்கள் அதற்குள் போயிருப்பார்கள்.

அருங்காட்சியகச் சதுக்கத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கைக் கொண்டு கிடங்குகள் சிலவற்றை வாங்கி ஒரு பொது அறக்கட்டளையின் கீழ் வையுங்கள். அதன் நிர்வாகத்தில் அங்கே வேலை செய்பவர்களுக்கும் இடம் வேண்டும். இன்னொரு பங்கில் வடிகாலைச் சரிசெய்யுங்கள்.

புதிய குடியிருப்பு கட்டுபவரே ஒலித்தடுப்புச் செலவை ஏற்க வேண்டும் என்ற விதியையும், சிறு கூடங்களுக்கான தனிப் பாதுகாப்பு விதியையும் சேருங்கள். கடைசி ரயில் நேரத்தைப் போக்குவரத்துத் துறையோடு பேசித் தள்ளி வையுங்கள். புறநகர்ப் பகுதிகளில் பொது ஒத்திகைக் கூடங்களுக்கு இப்போதே நிலம் குறியுங்கள்.

கருத்துத் தெரிவிக்கும் காலத்தை நீட்டி, இந்தக் கோரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் ஏற்கிறீர்களா இல்லையா, இல்லையென்றால் ஏன் என்று எழுத்தில் பதில் தாருங்கள். உங்கள் அடுத்த கூட்டத்தை உங்கள் அலுவலகத்தில் வைக்காமல் எங்கள் பகுதியில் வையுங்கள். இடம் வேண்டுமென்றால் என் ஒத்திகைக் கூடம் இருக்கிறது, மாலை ஆறு மணிக்கு மேல் எந்த நாளும் வரலாம்.

இப்படிக்கு,
கிடங்குப் பகுதியில் வேலை செய்யும் மேடை ஒளியமைப்பாளர்